புளி போட்டுத் தேய்த்த வாள்

முந்தின நாள் சாயங்காலம் பகவதி அக்காவுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தேன். அடுத்த மாதம் கொச்சியில் ஏலத்துக்கு வரும் ஒரு ஜப்பானியக் குறுவாள். கறுப்பு அரக்கு பூசிய உறை, அதன் வாய்ப்பக்கம் பொன்னிறத்தில் ஒரு தும்பி. ‘பார்த்துட்டு சொல்லுங்க’ என்று எழுதியிருந்தேன். வாள் படம் எதை அனுப்பினாலும் அக்காவிடமிருந்து உடனே பதில் வந்துவிடும். அன்று வரவில்லை. காலையில் கல்லூரி வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், டிக் இரண்டும் நீலமாகியிருந்தன. அக்கா பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

பார்த்தது மாதேவன் அண்ணன், அக்காவின் கணவர். யாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அக்காவின் போனைத் திறந்தவர், மேலே கிடந்த என் பெயரை அழுத்தியிருக்கிறார். “மக்கா, பகவதி எந்திரிக்கல்ல” என்றார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரைத் தியேட்டர் சிஸ்டராகத் தெரியும். நாகர்கோவிலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவர். உங்களில் சிலர் மயங்குவதற்கு முன் கடைசியாகக் கேட்டது அவருடைய குரலாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் அறிமுகம். தைராய்டு கட்டிக்காக மேசையில் படுத்திருந்தேன். உடம்பு நடுங்கியது. பயப்படாதே என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் குனிந்து, “பயந்தா பயந்துக்க. அதுல ஒண்ணும் இல்ல. கை மட்டும் ஆடப்பிடாது, ஊசி போடணும்” என்றன. என் கை நின்றுவிட்டது. குணமான பிறகு நன்றி சொல்லப் போனேன், பேச்சு நீண்டது, அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அது முடியவே இல்லை.

அவருக்கு வாள்மேல் ஆசை வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அருமனைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து பங்களாவில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். அக்காவுக்கு ஒரு ஈட்டி மர அலமாரி வேண்டியிருந்தது. எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதால் கூடப் போனேன். அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய போர்வை சுற்றி ஒரு வாள் கிடந்தது. பங்களாக்காரரின் அப்பா பர்மா யுத்தத்தில் அதிகாரியாக இருந்தவர். ஜப்பான்காரர்கள் சரணடைந்தபோது அவர் கைக்கு வந்த வாள் அது. உறை பிளந்து, யாரோ அதைச் செம்புக் கம்பியால் வரிந்து கட்டியிருந்தார்கள். ஏலம் விட்டவர் அதைப் பாதி உருவிக் காட்டி, “பட்டாளத்து வாளாக்கும். வாங்கினா தேங்கா வெட்டலாம்” என்றார். கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அந்தப் பாதி இரும்பில் வெயில் பட்டபோது அதன் விளிம்பையொட்டி வெண்மையாக ஒரு கோடு ஓடுவதை நானும் பார்த்தேன். அப்புறம் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டோம், வாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது கொல்லன் வேண்டுமென்றே வரவழைக்கிற கோடு அது. அன்று அக்கா சொன்னது வேறு. “தாடகை மலைக்க மேல மஞ்சு கெடக்க மாதிரி இருக்கு.” அவர் பூதப்பாண்டிக்காரர். தினமும் அந்த மலையைப் பார்த்தே கண்விழித்தவர்.

ஏலம் கேட்டார்கள். ஒரு தரம், ரெண்டு தரம் என்றார்கள். அக்காவின் கை மடியிலேயே இருந்தது. கொச்சியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் வாளை எடுத்துக்கொண்டு போனார். அக்கா அலமாரியையும் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் குலசேகரம் தாண்டிய பிறகுதான் பேசினார். “நான் வேல பாத்த கத்தி எல்லாம் ஒருதரம் தொட்டா குப்பைக்குப் போறதுட்டி. அந்த வாள எத்தன பேரு மாறி மாறி தொடச்சு வச்சிருப்பாவ. மொதல்ல செய்தவன் பேரு என்னவா இருக்கும்? கேட்டிருக்கலாம்லா. கை எழும்பல்ல.”

செய்தவன் பேர். அதற்குப் பிறகு அக்கா தேடியது அதைத்தான். ஜப்பானில் கொல்லர்கள் வாளின் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டில் தங்கள் பெயரை உளியால் வெட்டிவைப்பார்கள் என்று படித்தார். மூங்கில் ஆணி ஒன்றைத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று வரும், பெயர் தெரியும். ஒரு மூங்கில் ஆணிக்கு அந்தப் பக்கம் இருந்ததைக் கையில் வாங்காமல் விட்டுவிட்டோமே என்பதை அவரால் மறக்கவே முடியவில்லை.

கை எழும்பாததற்கு அவரே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார். விடுமுறை நாளில் என்னைத் தேங்காய்ப்பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீன் வாங்க அல்ல, மீன் ஏலம் பார்க்க. அங்கே புருவம் தூக்கினால் ஒரு விலை, தாடை அசைந்தால் ஒரு விலை. நாங்கள் இரண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள்போல ஓரமாக நின்று கவனித்தோம். முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்ட அக்கா கையைத் தூக்கினார். ஒரு பெட்டி சாளை அவருடையதாகிவிட்டது. தெரியாமல் நடந்துவிட்டது என்று விளக்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மீன்காரி, “கைய தூக்கினா மீனு ஒனக்கு. மிச்சத்த வீட்டுல போயி யோசி” என்றாள்.

அன்று தியேட்டரில் வேலை பார்த்த எல்லார் வீட்டிலும் சாளைக் குழம்பு. வாங்கிப்போனவர்கள் இதைப் படித்தால் ஏன் என்று இப்போது புரிந்துகொள்வார்கள். என் காரில் அந்த வாடை மழைக்காலம் முடியும்வரை இருந்தது. அக்கா அதைப்பற்றி வருத்தப்பட்டதே இல்லை. “பாத்தியா, தூக்கினா ஒண்ணும் ஆகாதுட்டி” என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் போகாத ஏலம் இல்லை. சென்னைக்கும் கொச்சிக்கும் போனோம். ஏலத்துக்கு முந்தின நாள் பொருட்களைப் பார்க்க விடுவார்கள். அக்கா அன்று ஒவ்வொரு வாளையும் நோயாளியைப் பார்ப்பதுபோல நின்று பார்ப்பார். கைவிரல் படாமல் பார்க்க வேண்டும், எச்சில் துளி தெறித்தால்கூடத் துருப்பிடிக்கும் என்று படித்திருந்ததால், முகக்கவசம் போட்டுக்கொண்டு போவார், எனக்கும் ஒன்று தருவார். பழைய வாள்கள் வைத்த மேசை முன்னால் முகக்கவசத்தோடு இரண்டு பெண்கள். ஏல நிறுவனத்தின் பையன்களுக்கு நாங்கள் யார் என்று கடைசிவரை புரியவில்லை. பார்ப்பார், வாங்க மாட்டார். அவர் தேடியது செம்புக் கம்பி சுற்றிய ஒரு உறையை.

அது வந்தது. பல வருஷம் கழித்து கொச்சி ஏலமொன்றின் படங்களில், மூலையில், அதே கம்பி. அக்கா போனில் பெரிதாக்கி என்னிடம் காட்டினார். கையில் அவ்வளவு பணம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற தேக்கை மாதேவன் அண்ணன் வெட்டக் கொடுத்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வாள் எதற்கு என்று அவர் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அக்கா கேட்டதற்கு, “ஒனக்கு வேணும்னா வேணும். மரம் பொறவு வளரும்” என்றாராம்.

ஏலத்தன்று அக்கா செய்ததை அந்த அரங்கில் யாரும் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் எண் அட்டையைத் தூக்கி உடனே இறக்கிவிடுவார்கள். அக்கா தூக்கினார், இறக்கவில்லை. விலை ஏற ஏறப் பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளைபோலக் கை அப்படியே நின்றது. போனில் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கடைசியில் விலகினார். சுத்தியல் விழுந்த பிறகும் அக்கா கையை இறக்கவில்லை. ஏலம் விட்டவர் சிரித்துக்கொண்டே, இனி இறக்கலாம் மேடம் என்றார்.

பழம்பொருள் பதிவுச் சான்றெல்லாம் முறையாக வாங்கி, வாளை மடியில் வைத்துக்கொண்டே ஊர்வரை வந்தார். அன்றைக்கே மூங்கில் ஆணியைத் தட்டினோம். கைப்பிடி கழன்றது. தண்டு முழுக்கக் கருந்துரு. அதற்குள் இரண்டு எழுத்துகள் உளியால் வெட்டப்பட்டிருந்தன. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆளு இருக்கான்” என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வாளின் அலகு பளபளவென்று இருக்க வேண்டும். தண்டின் துருவை மட்டும் தொடவே கூடாது. வாளின் வயதுக்கு அந்தத் துருதான் சாட்சி. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பின்னால் வந்தவர்கள் பொய்யாக வெட்டுவதுண்டு. பெயர் வாளோடு பிறந்ததா, பிறகு வந்ததா என்பதை எழுத்தின் பள்ளத்துக்குள் படிந்த துருவை வைத்துத்தான் அறிந்தவர்கள் சொல்வார்கள். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மாதேவன் அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள். ஜப்பானில் படித்த ஒரு வல்லுநர் கொச்சிக்கு வருவதாக இருந்தது. அவருக்கு முன்கூட்டியே படம் அனுப்ப, அக்கா கைப்பிடியைக் கழற்றி வாளைத் துணிமேல் வைத்திருந்தார். அப்போது பக்கத்துத் தெருவில் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தது. அக்கா ஓடினார். மாதேவன் அண்ணன் பூசைக்காக மண்வெட்டி, வெட்டுகத்தி, அரிவாள், குத்துவிளக்கு எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளையும் பார்த்தார். எல்லா இடமும் மின்னுகிறது, பிடிக்கிற இடம் மட்டும் கரிப்பிடித்துக் கிடக்கிறது. மனைவி ஆசைப்பட்டு வாங்கிய பொருள். பழைய புளி எடுத்து, சாம்பல் தொட்டு, தேங்காய் நார்ச் சகிரியால் தேய்த்தார். துடைத்தார். அலகில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, புத்தகங்களுக்குப் பக்கத்தில் பூசையில் வைத்தார்.

பூசைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் உள்ளேயிருந்து சந்தோஷமாக, “மக்கா, வந்து பாரு. பிடிக்க எடம் மட்டும் கரேர்னு இருந்துல்லா, இப்பம் வெள்ளி மாதிரி ஆக்கிட்டேன்” என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். தியேட்டரில் ஏதாவது கை மீறிப்போனால் அடுத்துச் செய்ய வேண்டியதை மட்டும் செய்வார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உள்ளே போய், ஈரத் துணியால் சந்தனத்தை மெதுவாக எடுத்தார். உலர்ந்த துணியால் ஒற்றினார். கிராம்பு மணக்கும் எண்ணெயைத் தடவினார். அந்த எண்ணெய் அவரே தயாரித்தது. ஜப்பானியர்கள் வாளுக்குக் கிராம்பு எண்ணெய் சேர்ப்பார்கள் என்று படித்த அன்று, “நம்ம மலையில வெளையதுதான” என்று சிரித்தவர். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எப்போதும் பல் டாக்டர் கடை வாசனை.

கொச்சிக்குப் போனோம். வல்லுநர் நல்ல மனிதர். வாளை எடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பார்த்தார். அலகு முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய நல்ல வேலை என்றார். தண்டில் வெட்டியிருக்கும் பெயர் அந்தக் காலத்துப் பெரிய கொல்லன் ஒருவனுடையது என்று படித்துச் சொன்னார். அந்தப் பெயரை அக்கா வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வல்லுநர் தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை அவனே வெட்டினானா, வேறு யாராவது பின்னால் வெட்டினார்களா என்று துரு சொல்லியிருக்கும், இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். யார் தேய்த்தது என்று கேட்டார். வீட்டில் ஒரு பூசை என்று மட்டும் அக்கா சொன்னார்.

திருவனந்தபுரம் கடந்தது, களியக்காவிளை கடந்தது. மார்த்தாண்டத்தில் சாயா குடிக்க நிறுத்தினேன். அக்கா கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். “அவியட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சொல்லுகேன்.”

எனக்குப் பயமாக இருந்தது. மறைத்தால் அக்காவின் நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கும். சொன்னால் அண்ணன் உடைந்துபோவார். தேக்கை வெட்டிக் கொடுத்த மனிதர். பூதப்பாண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். என்ன சொன்னாவ என்று கேட்டார்.

“ஒங்க புளி நல்ல புளின்னு சொன்னாவ.”

அண்ணனுக்குப் புரியவில்லை. அக்கா அவரை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். துரு என்றால் என்ன, பெயர் என்றால் என்ன, இனி ஏன் தெரிய வராது என்பதெல்லாம். ஒரு இடத்திலும் குரல் உயரவில்லை, எதையும் குறைத்துச் சொல்லவும் இல்லை. அண்ணன் எழுந்து பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. அக்கா என்னைப் போகவிடவில்லை. பிறகு அவர் வந்து வாசற்படியில் நின்று கேட்டார்.

“அந்தத் துரு பொறவு வருமா?”

“வரும்.”

“எம்புட்டு நாளாகும்?”

“எரநூறு முன்னூறு வருசம் ஆகும். நமக்குக் கடல்காத்து உண்டு, கொஞ்சம் முன்ன வரும்.”

அண்ணன் யோசித்தார். “அப்பம் இன்னைக்கே தொடங்கட்டு” என்றார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வந்தது, நிறுத்த முடியவில்லை. அண்ணனும் தயங்கித் தயங்கிச் சிரித்தார். அன்று எனக்கு அங்கேதான் சாப்பாடு.

சந்தனம் வைத்த இடத்தில் அலகில் மூன்று மங்கல் புள்ளிகள் விழுந்திருந்தன. சாணை பிடித்து எடுத்துவிடலாம் என்று வல்லுநர் சொல்லியிருந்தார். அக்கா சம்மதிக்கவில்லை. “இத்தன வருசம் யாரு யாரு வீட்டுலயோ இருந்துட்டு. நம்ம வீட்டுலயும் இருந்ததுக்கு ஒரு அடையாளம் கெடக்கட்டு” என்றார். அடுத்த பூசையிலும் வாள் இருந்தது. அண்ணன் சந்தனத்தை அதன்கீழ் விரித்த துணியில் வைத்தார்.

ஆனால் தண்டை மட்டும் அவர் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அக்காவும் நானும் கைப்பிடியைக் கழற்றும்போது எழுந்து போய்விடுவார். அக்கா உள்ளேயிருந்து அவரைச் சீண்டுவார். “இன்னும் தொடங்கல்ல, கேட்டியளா?” போன பூசைக்கு அக்கா கூப்பிட்டது வேறு மாதிரி. “தொடங்கிட்டு, வந்து பாருங்க.” அண்ணன் வரவில்லை. அவ எனக்காகச் சும்மா சொல்லுகா என்று என்னிடம் சொன்னார். உண்மைதான் என்று நான் சொன்னதையும் நம்பவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணன் வாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு முகக்கவசமும் கொண்டுவந்திருந்தார். ஒன்றைத் தானே போட்டுக்கொண்டார். எண்ணெய் போட வேண்டிய நாள் கடந்துவிட்டது என்றார். நான் மூங்கில் ஆணியைத் தட்டினேன். கைப்பிடியைக் கழற்றும்போது அவர் எழுந்து போகவில்லை.

தண்டு வெள்ளியாக இல்லை. பழுப்பேறியிருந்தது. சீராக, மெல்லிய தோல் போர்த்தியதுபோல. அந்த இரண்டு எழுத்துகளின் பள்ளத்தில் நிறம் சற்று கூடுதலாக இருண்டிருந்தது. அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தொடவில்லை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

“உள்ளதாக்கும் சொல்லிருக்கா” என்றார்.

அலகைத் துடைத்தோம், எண்ணெய் போட்டோம். தண்டை அப்படியே விட்டுக் கைப்பிடியை மாட்டினோம். வாளை என்னிடம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் மறுத்தேன். அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும். மாதம் ஒருதரம் நான் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து எண்ணெய் போடுவோம் என்று முடிவானது. நான் கிளம்பும்போதுதான் அண்ணன் கேட்டார். “அந்தப் படத்துல தும்பி போட்ட சின்ன வாள் ஒண்ணு இருந்துல்லா. அது எப்பமாக்கும் ஏலம்?”

அடுத்த மாதம் என்றேன். வண்டியில் தனக்கும் ஒரு இடம் வேண்டும் என்றார். அதற்கும் ஒரு பெயர் இருக்கும், அவள் பார்க்காததை நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றார்.

பகவதி அக்காவிடமிருந்து எனக்கென்று வந்தவை ஒரு குப்பி கிராம்பு எண்ணெயும் ஒரு பெட்டி முகக்கவசமும். ஆடாத கை எனக்கு வரவில்லை, வரப்போவதும் இல்லை. பயப்படலாம் என்று அவர் கொடுத்த அனுமதி மட்டும் அந்த மேசையில் படுத்திருந்த நாளிலிருந்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கொச்சியில் அந்தக் குறுவாளின் எண்ணைக் கூப்பிடும்போது நான் பயப்படுவேன். கையைத் தூக்குவேன். இனி இறக்கலாம் என்று யாராவது சொல்லும்வரை இறக்க மாட்டேன்.